வங்காளி தெரியாத மதாம்

சின்னக் குழந்தைக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு என் கணவரின் வாயால் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாயைத் திறந்தது நுணல், கெட்டது நுணலின் பெண்டாட்டி.

அவர் கிளைவ் வீதியில் ஒரு பாங்கில் குமாஸ்தா. நாங்கள் புதுச்சேரியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, பவானிபூரில் குடித்தனம் வைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாங்குக்கு வந்துபோகும் பெரிய மனிதர்களில் ஒரு வங்காளி பாரிஸ்டர் உண்டு. சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, பாலிகஞ்சில் குளமும் தோட்டமுமாக பங்களா கட்டிக்கொண்டவர். ஒருநாள் அவர் மேனேஜர் அறையில் உட்கார்ந்து, தன் நாலு வயதுப் பெண்ணுக்குப் பிரெஞ்சு சொல்லித்தர இந்த ஊரில் தகுந்த பெண்மணி ஒருத்தி அகப்படவில்லையே என்று குறைப்பட்டிருக்கிறார். காகிதக் கட்டோடு உள்ளே போன என் கணவர், தன்னிடம் கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் கோட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"இந்தா, கேட்டியா? உனக்குப் பிரெஞ்சு தெரியும்னு தொரை முன்னாடியே சொல்லிட்டேன். பாரிஸ்டர் அப்படியே அசந்துபோயிட்டாரு."

"எதுக்குச் சொன்னீங்க?"

"தெரியும்தானே? பொய்யா சொன்னேன்?"

"தெரியறது வேற, சொல்லிக்குடுக்கறது வேற. அதுவும் நாலு வயசுக் கொழந்தைக்கு!"

"சின்னக் கொழந்தைதானே, நாலு வார்த்தை சொல்லிக்குடுத்தா ஆச்சு. வண்டி அனுப்பறாராம்."

குழந்தைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

எனக்கு எப்படிப் பிரெஞ்சு வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் கோர்ட்டில் உத்தியோகம். பெண்ணும் பிரெஞ்சு பேசவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆறு வயதில் என்னைக் கன்னியாஸ்திரீகள் மடத்துப் பள்ளிக்கூடத்திலேயே தங்கிப் படிக்க விட்டார். அந்த மடம் ஏதோ தூர தேசத்தில் இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மடம், அந்தப் பக்கம் எங்கள் வீடு. எங்கள் தெருக் கோயில் மணி மடத்துச் சாப்பாட்டு அறையில் கேட்கும். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டுக்கு விடுவார்கள். போனால் அம்மா பாய் விரித்து, புது இலை போட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பாள். என்னிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் நான் மடத்தைவிட்டு வந்தபோது அம்மா படுத்த படுக்கை, அடுத்த தையில் போய்விட்டாள். பிரெஞ்சு என்னிடம் மிச்சம் இருந்தது.

பாலிகஞ்ச் வீட்டுக்கு முதல்முதலாகப் போன அன்றைக்கு, பாரிஸ்டர் தன் புத்தக அறையில் என்னை உட்காரவைத்து ஒரு நிபந்தனை சொன்னார். எனக்கு அதற்குள் வங்காளி நன்றாகவே வரும். பவானிபூரில் குழாயடிப் பெண்களோடு தண்ணீருக்குச் சண்டை போட்டு, பிறகு சமாதானமாகி, அவர்களிடமே கற்றுக்கொண்டது. அவரிடமும் வங்காளியிலேதான் பேச்சைத் தொடங்கினேன். அவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"இதுதான் கூடாது. உங்களுக்கு வங்காளி தெரியும்னு இந்த வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. குழந்தைக்குத் தெரிந்தால் அது பிரெஞ்சு பேசவே பேசாது. வேலைக்காரர்களுக்குத் தெரிந்தால் குழந்தைக்குத் தெரிந்த மாதிரிதான். சீமையில் பெரிய வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்."

"உங்கள் வீட்டம்மாவுக்கு?"

"அவளுக்கும்தான். அவள் வாயில் எதுவும் நிற்காது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளியே அவருடைய வண்டி நின்றது, பாங்கில் என் கணவர் நின்றார். சரி என்று தலையாட்டினேன். அன்று சாயங்காலமே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த மதாம் புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிறாள், பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் அறியாள் என்று சொல்லிவிட்டார். இங்கிலீஷ் இப்போது கண்டவனுக்கும் வந்துவிட்டது, இனிமேல் பிரெஞ்சு தெரிந்தால்தான் மதிப்பு என்பது அவர் கொள்கை.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதை நடத்திக் காட்டும் பாடு எனக்கல்லவா! மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டி வரும். கீழ்க்கட்டில் தோட்டத்தைப் பார்த்த ஓர் அறையில் நானும் குழந்தையும். பொம்மையைக் குளிப்பாட்ட வேண்டும், துடைக்க வேண்டும், சட்டை போட வேண்டும், கழற்ற வேண்டும், திரும்பக் குளிப்பாட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் செய்துகொண்டே பிரெஞ்சில் சொல்ல வேண்டும். தண்ணீர், தலை, கை, ஈரம், குளிர். சொல்லிவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பதில் வராது. மறுபடி பொம்மையைக் குளிப்பாட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாஷையை விளக்கிச் சொல்லலாம். நாலு வயதுக்கு விளக்கம் செல்லாது, தொண்டைத் தண்ணீர் வற்ற அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வழி. மேளக்காரனைவிட எனக்கு வேலை அதிகம், கூலி கேட்கக் கூச்சம்.

முதல் சில வாரங்கள் குழந்தை அழுதாள். செருப்பால் என் முழங்காலில் அடித்தாள். பிறகு எனக்குக் காது கேட்காது என்று முடிவுசெய்து, என் காதருகே வந்து வங்காளியில் ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு வெயில் நாளில், விளையாடிக் களைத்து வந்தவள், என் புடவையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் எழுந்து ஓடினேன். மகாராணி கேட்டால்கூட அப்படி ஓடியிருக்கமாட்டேன். அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. கொடு, வேண்டாம், எனக்கு, பூனை வந்தது, பூனை போய்விட்டது.

அந்த அறை வாசலைத் தாண்டும்போது அவள் முகமே மாறும். உள்ளே, தெரிந்த கொஞ்சம் வார்த்தைகளை வைத்துக்கொண்டு அடக்கமாகப் பேசும் ஒரு சின்னப் பெண். வெளியே போனால் வேலைக்காரியோடு சண்டை, சமையல்காரனைப் போல் நடித்துக் காட்டுவது, அப்பா குறட்டை விடுவது பற்றி ஒரு கதை. அத்தனையும் வங்காளியில். எல்லாம் என் காதில் விழும். எனக்கோ அதில் சிரிக்கக்கூட உரிமை இல்லை.

வேலைக்காரர்கள் என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசினார்கள். "இந்தக் கறுப்பு மேம்சாகேப் மீன் தொடாதாம்" என்பான் ஒருவன். "பின்னே என்ன திங்கும், புல்லா?" என்பான் சமையல்காரன். நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தாகம் எடுத்தால் கையைக் குவித்து வாயருகே காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, பால் விட்டுச் சர்க்கரை போட்ட கொதிக்கும் டீயைக் கொண்டுவருவார்கள். தண்ணீர் என்று ஒரு வார்த்தை வங்காளியில் சொல்ல முடியாமல் வெயில்காலம் முழுக்க டீ குடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது. மிளகுப்பால் காய்ச்சிக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வேன்.

"ஊரார் புள்ளைகிட்ட நாளெல்லாம் பேசற, வூட்டுக்கு வந்தா ஊமையாயிடற" என்பார் இவர்.

"யாரால?" என்று மட்டும் கேட்பேன்.

குழந்தையின் அம்மாவைப் பற்றி இனி சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் சின்னவள். நல்ல சிவப்பு, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். எங்கள் அறைக்கு வெளியே ஒரு தாழ்வாரம். தினமும் மத்தியானம் அங்கேதான் வந்து உட்கார்ந்து, வேலைக்காரியிடம் தலையைக் கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்வாள். திறந்த கதவு வழியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காக அந்த இடம். என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பிறகு வேலைக்காரியிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்குவாள். நான் ஒரு நாற்காலி அவளுக்கு. நாற்காலியை வைத்துக்கொண்டு யாராவது ரகசியம் பார்ப்பார்களா?

புருஷனோடு நடக்கும் சண்டை, பிறந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்கிறாரே என்ற வருத்தம், இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக்கூடாது என்று பொம்மையை இன்னும் சத்தமாகக் குளிப்பாட்டுவேன். ஆனாலும் காதுக்குக் கதவு இல்லையே. வெயில் கொஞ்சம் தணிந்து முதல் மழை பெய்த சமயத்தில் ஒருநாள், அவள் குரல் உடைந்தது.

"சந்திரநாகூர் மடத்துல விடப்போறாராம். மழை முடிஞ்சதும். அங்கேயே தங்கணுமாம், துர்கா பூஜைக்குத்தான் வீட்டுக்கு வருவாளாம். எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதானே?"

"இவ்வளவு சின்னதை எடுத்துக்குவாங்களாம்மா?" என்று வேலைக்காரி கேட்டாள்.

"பிரெஞ்சுல கேட்டா பதில் சொல்ற பிள்ளைன்னா எடுத்துக்குவாங்களாம். அதுக்குத்தானே இவளைக் கொண்டுவந்து உக்காத்தி வெச்சிருக்கார்."

சந்திரநாகூர் கல்கத்தாவிலிருந்து ஆற்றோடு மேலே போனால் வரும் பிரெஞ்சுக்காரர்களின் ஊர். என் பிரெஞ்சு எதற்கு வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாரிஸ்டர் அதை என்னிடம் சொல்லவேயில்லை. என் மடியில் பொம்மை, எதிரே குழந்தை, வாயைத் திறந்துகொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அன்றிலிருந்து அவள் புதிதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குச் சந்தோஷமும் வரும், அதன் பின்னாலேயே ஒரு கசப்பும் வரும். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தன் அம்மாவைவிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள், நகர்த்தியவள் நான். ஒருநாள் பொறுக்காமல் பாரிஸ்டரிடமே போய், குழந்தை இன்னும் ரொம்பச் சின்னவள், இரண்டு மூன்று வருஷம் போகட்டுமே என்று, அவருக்கும் கொஞ்சம் வரும் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்களே அப்படித்தானே படித்தீர்கள்? உங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"நமக்கெதுக்கு ஊர் வம்பு? போனமா, சொல்லிக்குடுத்தமா, வந்தமான்னு இரு" என்றார்.

"அந்தப் பொண்ணு அழுவுதுங்க."

"அதுங்க வூட்டு அழுகை. நீ ஏன் அழுவற?"

மழைக்காலம் முடியப்போகும் புழுக்கமான ஒரு மத்தியானம் அது. காற்றே இல்லை. காலையிலிருந்து எனக்குத் தலைவலி. குழந்தைக்குத் தூக்கக் கலக்கம், சொன்னதையெல்லாம் தப்பாகச் சொல்லி என்னைப் படுத்திக்கொண்டிருந்தாள். மறு வாரம் சந்திரநாகூருக்குப் போவதாக நாள் குறித்தாகிவிட்டது. அப்போது குழந்தையின் அம்மா தாழ்வாரத்தைவிட்டு எழுந்து, முதல்முறையாக அறைக்குள் வந்தாள். கையில் தட்டு நிறைய சந்தேஷ், பால்திரட்டில் செய்த வங்காளி இனிப்பு. எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினாள். கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறாமலே, தாலாட்டுகிற மாதிரி இனிமையான குரலில் வங்காளியில் பேசினாள்.

"எடுத்துக்கோ, சாப்பிடு. உன் நாக்கு அழுகிப் போகட்டும். என் பொண்ணைப் பிரிக்க வந்த பிசாசு நீ. நல்லா சாப்பிடு. உனக்குப் பிள்ளை கிடையாதாமே? கிடைக்காது. இருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

வாய்நிறையச் சிரிப்பும் கைநிறைய இனிப்பும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு சாபத்தை நான் வாங்கியதில்லை. நாக்கு அழுகட்டும் என்றதற்குக் கோபம் வரவில்லை. அது ஏற்கெனவே பாதி அழுகித்தான் இருந்தது. கடைசியில் சொன்னதுதான் சுருக்கென்று ஏறியது. சந்தேஷைப் பார்த்தேன். வந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த இனிப்பை விழுங்கினால் அடைத்துக்கொள்ளும் என்று தோன்றியது.

"சாபமெல்லாம் அப்புறம் குடுங்கம்மா. முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். சுத்தமான வங்காளியில், குழாயடி வங்காளியில்.

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. குழந்தைதான் முதலில் அசைந்தாள். மடியைவிட்டுக் குதித்து இறங்கி, என் வாயைக் கிட்டே வந்து பார்த்தாள். பிறகு கைகொட்டிக் கூத்தாடினாள். "மதாமுக்குப் பேச வருது! மதாமுக்குப் பேச வருது!" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

அம்மா மெல்லக் கேட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முந்தியே."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்மா."

"அவர்கிட்ட சொன்னியா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. சாமி சத்தியமா."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டாள். "உனக்கு வங்காளி தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

"அவர்தான் யார்கிட்டயும் காட்டிக்கக்கூடாதுன்னார்."

அவள் எழுந்து, தானே போய், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து தாழ்வாரத்தில் எண்ணெய்க் கிண்ணம் இல்லை, வேலைக்காரி இல்லை. தன் குறைகளைச் சொல்லி அழ அவளுக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று.

அவளுக்காக யோசித்துத்தான் அப்படிப் பேசினேன் என்று சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்குக் களைப்பு, தாகம், பிள்ளையில்லாத வயிற்றில் விழுந்த அடி. வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்தது தெரிந்தே செய்தது. குழந்தை அன்றோடு பிரெஞ்சை விட்டுவிட்டாள். நான் பிரெஞ்சில் கேட்டால் வங்காளியில் பதில் சொல்வாள், இல்லாவிட்டால் என் மோவாயைப் பிடித்து ஆட்டி, "அந்த மாதிரி பேசாதே மாஷி, நல்லாப் பேசு" என்பாள். மதாம் போய் மாஷி ஆகிவிட்டேன், அம்மாவின் கூடப்பிறந்தவளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீடு முழுக்கத் தெரிந்துவிட்ட சங்கதி, பாரிஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை. அவருக்குக் கோர்ட்டுக்குப் போகவும் வரவும்தான் நேரம். அவரிடம் போய்ச் சொல்ல யாரும் இல்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் பொம்மையைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்கத்தாவில் நான் நிம்மதியாகக் கழித்த வாரங்களில் அது ஒன்று.

குறித்த நாளில் ஹவுராவில் ரயிலேறி, பாரிஸ்டர், குழந்தை, நான் மூவரும் சந்திரநாகூர் போனோம். மடத்தில் ஆற்றைப் பார்த்த கூடத்தில் எங்களை உட்காரவைத்தார்கள். மெழுகுவர்த்தியும் பினாயிலும் கலந்த, என் புதுச்சேரி மடத்தின் அதே வாசனை. வயதான தலைமைக் கன்னியாஸ்திரீ வந்து, குழந்தையின் எதிரே குனிந்து, பிரெஞ்சில் மிக மெதுவாக, உன் பெயர் என்ன குட்டி, உனக்கு என்ன வயது என்று கேட்டாள். நல்ல மாதிரி மனுஷி.

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி வங்காளியில் சொன்னாள். "மாஷி, இவங்களும் உன்னை மாதிரிதான். தெரியாத மாதிரி நடிக்கறாங்க."

பாரிஸ்டர் என்னைப் பார்த்தார். குழந்தை அதற்குள் கன்னியாஸ்திரீயின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பேசு! உனக்கு வரும், எனக்குத் தெரியும். மாஷிக்கும் ரொம்ப நாள் வரலை, அப்புறம் வந்துச்சு. தண்ணி கேட்டுப் பாரு, வந்துடும்!"

குழந்தை என்ன சொல்கிறாள் என்று கன்னியாஸ்திரீ என்னைக் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் குழந்தை இன்னும் கொஞ்ச காலம் வீட்டில் இருக்கட்டும், ஏழெட்டு வயது ஆனபிறகு பார்க்கலாம் என்று பாரிஸ்டரிடம் சொன்னாள். அவர் ஏதோ வாதாடிப் பார்த்தார். கோர்ட்டில் எப்படியோ, அந்தக் கூடத்தில் எடுபடவில்லை.

திரும்பும்போது ரயிலில் குழந்தை என் மடியில் தூங்கினாள். பாலிகஞ்சில் வண்டி போர்ட்டிகோவில் நின்றதும் பாரிஸ்டர், "குதிரைக்குத் தண்ணி காட்டினதும் உங்களை வீட்டில் விடச்சொல்கிறேன். நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். உள்ளே போய்விட்டார். பாங்கில் என் கணவரின் உத்தியோகத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் தொண்டைக்கு நல்லதாயிற்று.

குழந்தையின் அம்மா ஓடிவந்தாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"என் பொண்ணு என்கிட்டயே இருக்கா. அதுக்கு உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன் தீதி. ஆனா நீ இனிமே இங்க வராதே. அத்தனையும் கேட்டவ நீ. உன் முகத்தைப் பாத்தா என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது."

தீதி என்றால் அக்கா. சொன்னபடியே குனிந்து என் காலைத் தொட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவள் சொன்னது நியாயம் என்றும் தெரிந்தது. அவள் குழந்தையை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறிப் போனாள்.

நான் படியில் உட்கார்ந்தேன். குழந்தை வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு பேசத் தொடங்கினாள். இத்தனை மாதமாக என்னிடம் சொல்ல வார்த்தை இல்லாமல் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். குளத்துக் கரையில் சாயங்காலம் நரி ஊளையிடும், அது தன்னைத்தான் கூப்பிடுகிறது. அம்மா வயிற்றில் ஒரு தம்பி இருந்தான், வராமலே போய்விட்டான், அதற்குத் தான் அவன் பங்கு இனிப்பைத் தின்றதுதான் காரணம், யாரிடமும் சொல்லாதே. ரயிலில் போகும்போது தன்னை அங்கேயே விட்டுவிடுவார்களோ என்று பயந்து, என் புடவைத் தலைப்பை முடிச்சுப் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாளாம். ஏழெட்டு மாதம் இந்தக் குழந்தையோடு தினமும் பேசியிருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

தம்பி போனதற்கு நீ காரணம் இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாக என்றேன். யோசித்துவிட்டு நம்பினாள்.

"மாஷி, உன் அம்மா எங்கே? அவங்க உன்னை..."

மாடியிலிருந்து அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை அந்தக் கேள்வியைப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள். படியேறும் சத்தம் கேட்டது, அப்புறம் மேலே இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவது கேட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வண்டிக்காரன் கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.